412 இஷ்யூக்களோடு தனியாக நிற்கும் டர்பன் வாசகிக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், கம்பெனி, மென்பொருளின் பெயர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். கல்யாணமாகி இங்கே வந்து பதினொரு வருடம். உம்லாங்காவில், காப்பீட்டுக் கம்பெனிகளுக்கு மென்பொருள் செய்து விற்கும் ஒரு நிறுவனத்தில் வேலை. கணவர் வீட்டார் சாட்ஸ்வொர்த்காரர்கள். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வாரிசுகள். 2019-இல் ஒரு நாள் மாமியார், “எங்க பாட்டனார் எந்தக் கப்பல்ல வந்தார்னு உன் கம்ப்யூட்டர்ல பார்க்க முடியுமாம்மா?” என்று கேட்டிருக்கிறார். எல்லாம் அதில்தான் ஆரம்பித்தது.

1860 நவம்பர் 16-இல் ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்து சேர்ந்ததிலிருந்து 1911 வரை நாட்டாலுக்கு (டர்பன் இருக்கும் அன்றைய பிரிட்டிஷ் காலனி) வந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள் 1,52,184 பேர். காலனி எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, கிராமம் என்று கப்பல் பட்டியலில் ஆளுக்கு ஒரு வரி உண்டு. எழுதிய குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி எழுதிவிட்டார்கள். முனிசாமி மூன்சாமி ஆனார், குப்புசாமி கூப்பூசாமி ஆனார். பின்னால் கவுண்டர் கோவெண்டராகவும் முதலி மூட்லியாகவும் குடும்பப் பெயர்களாகவே நிலைத்தும் விட்டன. இந்தச் சகோதரி எழுதியது, எழுத்து எப்படி மாறியிருந்தாலும் ஓசையை வைத்து ஆளைப் பிடிக்கும் ஒரு தேடல் மென்பொருள். யாரும் எடுத்து மாற்றலாம், வெளியே கொடுத்தால் மூலத்தையும் கொடுக்க வேண்டும் என்ற ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு லைசென்ஸோடு, மென்பொருள்களைப் பொதுவில் வைக்கும் தளமான கிட்ஹப்பில் போட்டார். பிழையோ வேண்டுகோளோ சொல்லி அங்கே பதிவதற்கு இஷ்யூ என்று பெயர்; முதல் இஷ்யூவைத் தன் கையாலேயே பதிந்தார்: “பாட்டனார் முனிசாமி, வட ஆற்காடு ஜில்லா, கிடைக்கவில்லை.” ஐந்தாறு வருடம் ஆகியும் அது திறந்தே இருக்கிறதாம்.

இன்று திறந்திருக்கும் இஷ்யூ 412. காத்திருக்கும் புல் ரிக்வெஸ்ட் (சேர்த்துக்கொள்ளச் சொல்லிப் பிறர் எழுதி அனுப்பும் மாற்றம்) 37. சேர்க்கவும் மறுக்கவும் உரிமை உள்ள ஆள் இவர் ஒருவர்தான். ராத்திரி பிள்ளைகள் தூங்கியபின் திறந்து பார்த்து, எதைத் தொடுவது என்று தெரியாமல் மூடிவைத்துவிடுகிறார். மொத்தத்தையும் ஒரே நாளில் மூடினால் தவறாகுமா, யாராவது கேஸ் போடுவார்களா என்று கேட்கிறார். ஒருவர் தன் அத்தையின் அடையாள எண்ணையும் பிறப்புச் சான்றிதழ்ப் படத்தையும் ஒரு இஷ்யூவில் போட்டுவிட்டார். இவர் எடிட் செய்து நீக்கியிருக்கிறார், அது போதுமா? பெயர் பொருத்தும் பகுதியில் பாதியை எழுதிய பீட்டர்மாரிட்ஸ்பர்க் தம்பி, தன்னுடைய இரண்டு புல் ரிக்வெஸ்ட்டுகள் எட்டு மாதமாகக் கிடப்பதால் கோபப்பட்டு, “என் நிரல் கோட் முழுதையும் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும்” என்கிறார். மூன்று மாதத்துக்கு முன் வந்த ஒருவர், “எனக்கு முழு உரிமை கொடுங்கள், நான் எல்லாம் பார்த்துக்கொள்கிறேன்” என்கிறார். பேசாமல் லைசென்ஸை மாற்றி, கதவைச் சாத்திவிடலாமா என்ற யோசனையும் இருக்கிறது.

அன்புள்ள சகோதரிக்கு,

நான் தொழிலில் வக்கீல். ஒரு திறமூல மென்பொருளின் கையேட்டைச் சில வருடம் பராமரித்திருக்கிறேன் என்பதால், காலையில் எழுந்ததும் மெயிலில் நாற்பது அறிவிப்புகள் கிடப்பது எப்படியிருக்கும் என்று எனக்கும் தெரியும். நீங்கள் கேட்ட வரிசையில் நான் பதில் சொல்லப் போவதில்லை, அவசரமானது முதலில்.

அத்தையின் அடையாள எண்

எடிட் செய்தது போதாது. கிட்ஹப்பில் ஒரு பதிவை எடிட் செய்தால் பழைய வடிவம் அதன் வரலாற்றில் அப்படியே இருக்கும். பதிவின் தலைப்பகுதியில் இருக்கும் “எடிட் செய்யப்பட்டது” என்ற சின்ன எழுத்தைத் தட்டினால் அந்தப் பக்கத்தைப் பார்க்க முடிகிற யாரும் படித்துவிடலாம். அந்தப் பழைய வடிவத்தைத் திறந்து, வரலாற்றிலிருந்தும் நீக்க வேண்டும். இந்த இஷ்யூவில் வேறு முக்கியமான பேச்சு எதுவும் இல்லையென்றால் இஷ்யூவையே அழித்துவிடுங்கள். நீங்கள் அட்மின், உங்களால் முடியும். சான்றிதழ்ப் படம் தனி ஃபைல். பதிவு போனாலும் படத்தின் லிங்க் வேலை செய்யக்கூடும். வேறொரு பிரவுசரில், லாகின் இல்லாமல் அந்த லிங்கைத் திறந்து பாருங்கள். படம் வந்தால் கிட்ஹப் உதவிக் குழுவுக்கு எழுதி நீக்கச் சொல்லுங்கள்.

இத்தனை கறாராகச் சொல்லக் காரணம் உண்டு. நம் தென்னாப்பிரிக்க அடையாள எண்ணின் 13 இலக்கத்தில் முதல் ஆறும் பிறந்த தேதி, அடுத்த நான்கில் ஆணா பெண்ணா என்பது தெரிந்துவிடும். அதோடு பெயரும் சான்றிதழும் சேர்ந்தால், அந்த அம்மாள் பெயரில் கடன் வாங்க நினைப்பவனுக்கு அரை வேலை முடிந்த மாதிரி. உங்கள் திட்டத்தைப் பின்தொடர்பவர்களுக்கு அந்தப் பதிவு மெயிலாகவும் போயிருக்கும். அதைத் திரும்பப் பெற வழியில்லை. அதனால் போட்டவருக்கு எழுதி, அத்தையிடம் கட்டாயம் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் எப்போது பார்த்தீர்கள், எப்போது நீக்கினீர்கள் என்று தேதியோடு ஒரு குறிப்பும் எழுதி வையுங்கள். நாளை யாராவது கேட்டால் அந்த ஒரு பக்கம்தான் உங்களுக்காகப் பேசும்.

போபியா என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு கோடி ராண்ட் அபராதம் என்று எங்கோ படித்துப் பயந்திருக்கிறீர்கள். அது உச்ச வரம்பு. தெரிந்தவுடன் நீக்கி, சம்பந்தப்பட்டவருக்குத் தகவல் சொன்ன ஒரு தன்னார்வலரை முதலில் அதை வைத்து அடிப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். ஆனால் “இது வீட்டுக் காரியம், சட்டம் பொருந்தாது” என்ற உங்கள் வாதத்தை நான் ஏற்கமாட்டேன். தனிப்பட்ட, வீட்டுக் காரியங்களுக்கு விலக்கு இருப்பது உண்மைதான். உலகமே பார்க்கிற பக்கத்தை வீட்டுக் காரியம் என்று சொல்லி நிற்க முடியாது. இன்னொன்று, இது உங்களுக்குச் சாதகமானது: அந்தச் சட்டம் காப்பது உயிரோடு இருப்பவர்களின் தகவலை. 1880-இல் கப்பலேறியவரின் வயதையும் ஊரையும் காட்டுவதற்கு அதன் கீழ் தடையில்லை. ஆகவே உங்கள் விதி ஒரே வரியில் முடிகிறது: இறந்தவர்களைப் பற்றி எழுதலாம், இருப்பவர்களைப் பற்றி எழுதக்கூடாது. அதை இஷ்யூ படிவத்தின் தலையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் போடுங்கள்.

அந்த 412-ஐப் பற்றி

கடிதத்தோடு 60 இஷ்யூக்களின் தலைப்புகளை இணைத்திருந்தீர்கள். உட்கார்ந்து எண்ணினேன். அதில் 41, தாத்தா பாட்டியைத் தேடித் தரச் சொல்லும் வேண்டுகோள்கள். ஒன்பது, ஒரே பிழையை ஒன்பது பேர் ஒன்பது விதமாகச் சொன்னது. நிஜமான பிழை ஆறுதான். மீதி நான்கில் இரண்டு புது வசதி கேட்பவை, இரண்டு சண்டை.

ஆக, உங்களிடம் 412 பிழைகள் இல்லை. ஐம்பதோ அறுபதோ இருக்கலாம், அவ்வளவுதான். மற்றதெல்லாம் தவறான வாசலில் வந்து நிற்கும் மனிதர்கள். ஆடி மாதம் இங்கே மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிற நாளை நினைத்துப் பாருங்கள். கூழ் காய்ச்ச வந்தவர்களையும் குடிக்க வந்தவர்களையும் ஒரே வரிசையில் நிறுத்தினால் என்ன ஆகும்? கரண்டியோடு வந்தவர் வெயிலில் நிற்பார், சொம்போடு வந்த கிழவி அடுப்படியில் நிற்பார், இரண்டு பேருக்குமே கோபம் வரும். அந்தப் பீட்டர்மாரிட்ஸ்பர்க் தம்பி எட்டு மாதமாக வெயிலில் நிற்பவர்.

தலைப்புகளில் ஒன்றை என்னால் மறக்க முடியவில்லை. “கொள்ளுப்பாட்டி அம்மாக்கண்ணு, கப்பல் உம்சிந்தோ என்று அப்பா சொல்வார், அம்மாவுக்கு 81 வயது, தயவுசெய்து சீக்கிரம்.” இதை “செல்லாது” என்று லேபிள் ஒட்டி மூட உங்களுக்கு மனம் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். வரக்கூடாதுதான். அதே சமயம் இது மென்பொருளின் பிழையும் இல்லை, கோடில் எந்த வரியை மாற்றினாலும் இது தீராது. கிட்ஹப்பிலேயே கலந்துரையாடல் பகுதி ஒன்று இருக்கிறது, அதைத் திறந்துவிடுங்கள். இந்த மாதிரி இஷ்யூக்களுக்கெல்லாம் “குடும்பத் தேடல்” என்று ஒரு லேபிள் போட்டால், அந்த லேபிள் உள்ளதை மொத்தமாகக் கலந்துரையாடலுக்கு மாற்ற வசதி உண்டு. எழுதியது எதுவும் அழியாது. அங்கே பதில் சொல்ல மென்பொருள் தெரிய வேண்டியதில்லை. பட்டியல் படிக்கத் தெரிந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் உங்களைவிட நன்றாகச் சொல்வார். புதிதாகக் கேட்பவருக்கு ஒரு சின்னப் படிவம் போதும்: முன்னோர் பெயர், தெரிந்தால் காலனி எண், கப்பல், வருடம், ஜில்லா. காலனி எண் கையில் இருந்தால் பாதித் தேடல் முடிந்துவிடும், அதனால் வீட்டிலிருக்கும் பழைய சான்றிதழ்களில் அந்த எண்ணை முதலில் தேடிப்பாருங்கள் என்று அங்கேயே சொல்லிவிடலாம்.

மீதியைப் பிரிக்க, நீங்கள் வைத்திருக்கும் 38 லேபிள்கள் வேண்டாம். அத்தனை இருந்தால் ஒட்டுகிறவருக்கே குழப்பம். பிழை, புது வசதி, பெயர் வடிவம், முடிவு தேவை, முதல்முறை வருபவருக்கு. இந்த ஐந்து போதும். பிழை சொல்பவரிடம் மூன்றே கேள்வி: என்ன பெயர் அடித்தீர்கள், என்ன வரும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது? ஒரே பிழையை ஒன்பது பேர் சொன்னதில், தெளிவாக எழுதிய ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற எட்டில் அதன் எண்ணைக் குறிப்பிட்டு மூடுங்கள்.

“பெயர் வடிவம்” என்ற லேபிளைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் திட்டத்தின் செல்வம் அங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. வீராசாமியைக் குமாஸ்தாக்கள் எத்தனை விதமாக எழுதினார்கள், ஆறுமுகம் எங்கே அர்மூகம் ஆனார் என்பதெல்லாம் இப்போது கோடுக்குள் புதைந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வெளியே எடுத்து, வரிக்கு ஒரு பெயர் என்று எளிய அட்டவணையாக வையுங்கள். டோங்காட்டில் இருக்கும் தமிழ் டீச்சர் ஒருவர் ஒரு வரி சேர்ப்பதும் அப்போது பங்களிப்புதான், அவர் பெயரும் பங்களித்தவர் பட்டியலில் வரும். இந்த ஒரு மாற்றம் புதிய கைகளைக் கொண்டுவரும்.

மூடுவதால் கேஸ் வருமா என்றால், வராது. மூடிய இஷ்யூ அழிந்தும் போகாது. தேடினால் கிடைக்கும், தேவைப்பட்டால் மறுபடி திறக்கலாம். ஜிபிஎல் லைசென்ஸின் 15, 16-ஆம் பிரிவுகளைப் படித்துப் பாருங்கள். இந்த மென்பொருளுக்கு உத்தரவாதம் கிடையாது, நஷ்டத்துக்குப் பொறுப்பும் கிடையாது என்று சட்டம் அனுமதிக்கும் அளவுக்குச் சொல்லியிருக்கிறது. மென்பொருளைத் திறந்து வைத்ததால் கேட்டவருக்கெல்லாம் பதில் சொல்லும் கடன் உங்கள் தலையில் ஏறவில்லை. எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள மென்பொருள் உலகில் ஏறக்குறைய எல்லாக் கைபேசியிலும் இருக்கிறது. அதை எழுதுபவர்கள், கோட் எல்லாருக்கும் திறந்தது, வெளியாரின் பங்களிப்புக்குத் திறந்ததல்ல என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்கள். அது அவர்கள் இஷ்டம். நீங்கள் அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை, ஆனால் அப்படியும் ஒரு வழி இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் மனதிலுள்ள பாரம் கொஞ்சம் இறங்கும்.

ஒரே நாளில் மட்டும் மூடாதீர்கள். முகப்பில் ஒரு அறிவிப்பு போட்டு ஒரு மாதம் அவகாசம் கொடுங்கள், இப்போதும் இந்தப் பிரச்சினை இருந்தால் ஒரு வரி எழுதுங்கள் என்று கேளுங்கள். மௌனமாக இருக்கும் இஷ்யூக்களைத் தானாக மூடும் பாட் வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். என் கருத்து, வேண்டாம். அம்மாவுக்கு 81 வயது என்று எழுதியவருக்கு ஒரு யந்திரம் “நடவடிக்கை இல்லாததால் மூடப்பட்டது” என்று பதில் போடுவதை உங்களாலும் தாங்க முடியாது.

அந்த இரண்டு சண்டைகளில் ஒன்று ஜாதிக் கலத்தைப் பற்றியது, 74 பதிவுகள். நீங்கள் பூட்டி வைத்தது சரிதான், ஆனால் பூட்டியது முடிவாகாது. இரண்டு பக்கமும் நியாயம் பேசுகிறார்கள். பட்டியலில் உள்ளதை மறைப்பது வரலாற்றைத் திருத்துவது என்கிறார் ஒருவர். என் பெண்ணுக்குச் சம்பந்தம் பேசுகிறவர்கள் இதில் வந்து பார்ப்பார்கள் என்கிறார் இன்னொருவர். இரண்டாமவர் சொன்னதைப் படித்ததும் எனக்கு வேதனையாக இருந்தது, ஏனென்றால் அது நடக்கக்கூடியது. சட்டப்படி, இறந்தவரைப் பற்றிய அந்தக் கலத்தைக் காட்ட உங்களுக்குத் தடையில்லை. ஆனால் ஒரு குடும்பப் பெயரோடு சேரும்போது அது உயிரோடு இருப்பவரின் பின்னணியைச் சொல்வதாகிவிடும், இனப் பின்னணி பற்றிய தகவலைப் போபியா தனிக் கவனத்தோடு வைத்திருக்கிறது. நானாக இருந்தால் தரவில் அதை வைத்துக்கொள்வேன், தேடல் முடிவில் காட்டமாட்டேன், ஜாதியை வைத்துத் தேடும் வசதியை ஒருபோதும் சேர்க்கமாட்டேன். நீங்கள் வேறு மாதிரி முடிவெடுக்கலாம். எடுத்ததைக் காரணத்தோடு எழுதி, அந்த இஷ்யூவை மூடுங்கள். அடுத்தமுறை யாராவது கிளப்பினால் அந்தப் பக்கத்தைக் காட்டினால் போதும்.

உங்களுக்கு இத்தனை நாள் இல்லாதது அந்தப் பக்கம்தான் சகோதரி. இந்தத் திட்டம் எதற்கு, எதற்கு இல்லை, யார் முடிவெடுப்பார், எத்தனை நாளில் பதில் வரும். இந்த நாலு விஷயத்தை ஒரு பக்கத்தில் எழுதி, பங்களிப்பவர்களுக்கான வழிகாட்டி ஃபைலாகத் திட்டத்தின் தலைமை ஃபோல்டரில் வைத்துவிட்டால், புதிதாக இஷ்யூ திறப்பவருக்குக் கிட்ஹப்பே அதன் லிங்கைக் காட்டும். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் பார்ப்பேன் என்றால் அப்படியே எழுதுங்கள். எட்டு மாதம் காத்திருப்பதைவிட, ஒரு மாதம் ஆகும் என்று தெரிந்து காத்திருப்பது யாருக்கும் சுலபம்.

கோபித்துக்கொண்ட தம்பி

அவர் எழுதிய கோட் அவருக்குத்தான் சொந்தம். நம் 1978-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையை இன்னொருவருக்கு மாற்ற வேண்டுமென்றால் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். அப்படி எதையும் நீங்கள் வாங்கவில்லை. இந்த நாட்டுச் சட்டத்தில் ஒரு விசேஷம் உண்டு: கணினி நிரலுக்கு ஆசிரியர் என்றால், அதை உருவாக்குவதைக் கட்டுப்படுத்தியவர். அதை வைத்து எல்லாமே என்னுடையது என்று சொல்லலாமா என்று யாராவது உங்களுக்கு யோசனை சொன்னால் கேட்காதீர்கள். தன் இஷ்டத்துக்கு, தன் நேரத்தில் எழுதிக்கொண்டு வந்த ஒருவரை நீங்கள் கட்டுப்படுத்தினீர்கள் என்று காட்டுவது மிகவும் கஷ்டம்.

சொந்தமாக இருந்தாலும், கொடுத்ததைத் திரும்பப் பெற அவரால் முடியாது. லைசென்ஸ் அறிவிப்பு உள்ள இடத்தில் ஒருவர் எதைச் சேர்த்தாலும் அதே லைசென்ஸில்தான் தருகிறார் என்பது கிட்ஹப்பின் விதிமுறை. ஜிபிஎல் மூன்றாம் பதிப்பின் இரண்டாம் பிரிவு, நிபந்தனைகளைக் கடைப்பிடிக்கும் வரை இந்த உரிமைகள் ரத்து செய்ய முடியாதவை என்கிறது. ஆகவே நோட்டீஸ் வந்தால் பதற வேண்டாம். அவர் பெயரை மட்டும் எந்த ஃபைலிலிருந்தும் எடுத்துவிடாதீர்கள். அதை எடுத்தால்தான் அவருக்கு நியாயமான வழக்கு ஒன்று கிடைக்கும்.

லைசென்ஸை மாற்றிக் கதவைச் சாத்தும் யோசனைக்கும் இதுதான் பதில். அவருடைய பங்கும் மற்றவர்களுடைய பங்கும் உள்ளே இருக்கும்வரை, அவரவர் சம்மதம் இல்லாமல் உங்களால் மாற்ற முடியாது. விஎல்சி என்ற வீடியோ பிளேயர்காரர்கள் 2011, 2012-இல் லைசென்ஸ் மாற்றியபோது இருநூறுக்கும் மேற்பட்டவர்களைத் தேடிப்பிடித்துக் கேட்க வேண்டியிருந்தது.

சட்டம் இவ்வளவுதான். ஆனால் அந்தத் தம்பி சொன்னதை நான் சட்டமாகப் படிக்கவில்லை. இரண்டு புல் ரிக்வெஸ்ட், எட்டு மாதம், ஒரு வரி பதில்கூட இல்லை. போன் நம்பர் இருந்தால் கூப்பிடுங்கள், “தம்பி, தப்பு என்மேலதான்” என்று ஆரம்பியுங்கள். உண்மையும் அதுதானே. அந்த இரண்டையும் இந்த வாரமே பார்த்து, சேர்க்க முடியுமா முடியாதா என்று காரணத்தோடு சொல்லிவிடுங்கள். மற்ற 35-ல் ஒரு வருடத்துக்கு மேல் பழையவற்றுக்கு நன்றி சொல்லி, காரணம் சொல்லி மூடலாம். சின்னவற்றை ஒரு மாலையில் முடித்துவிடலாம். பெரியவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். இனிமேல் பெரிய வேலை எதுவானாலும் எழுதுவதற்கு முன்பே இஷ்யூ திறந்து கேட்டுவிட வேண்டும் என்பதை அந்தப் பக்கத்தில் சேருங்கள். உழைத்தபின் மறுக்கப்படுவதுதான் மனிதர்களை நோகடிக்கிறது.

அப்புறம், ஒருவர் வேறெங்கோ இருந்து எடுத்த அட்டவணையைத் தன்னுடையது என்று அனுப்பியதாகச் சொன்னீர்கள். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் 2004 முதல் ஒரு பழக்கம் உண்டு: இதைத் தர எனக்கு உரிமை இருக்கிறது என்று உறுதி சொல்லி, ஒவ்வொரு கமிட்டின் (பதியும் மாற்றத்தின்) அடியிலும் அனுப்புபவர் தன் பெயரை ஒரு வரியாகப் போடுவார். நீங்களும் கேளுங்கள். ஒரு வரிதான்.

நீங்கள் கேட்காத கேள்வி

கடிதத்தின் நடுவில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: “இதே பெயர் பொருத்தும் முறையை ஆபீஸிலும் போட்டோம், வாடிக்கையாளர் பெயர்கள் நன்றாகப் பொருந்துகின்றன, மேனேஜர் பாராட்டினார்.” எல்லாவற்றிலும் என்னை அதிகம் கவலைப்பட வைத்த வரி இது.

ராத்திரியில் வீட்டில் எழுதியதால் கம்பெனிக்குச் சம்பந்தமில்லை என்று நினைக்கிறீர்கள். இல்லம்மா. வேலையின் போக்கில் உருவானதா என்பதுதான் கேள்வி. எந்த நேரத்தில், எந்த நாற்காலியில் என்பது மட்டும் முடிவு செய்யாது. இங்கே வானிலைச் சேவையில் வேலை பார்த்த ஒருவர் எழுதிய நிரல்கள் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு 2008-இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. நிரல் எழுதுவது அவருடைய வேலையே இல்லை, சிலவற்றை வீட்டில் வைத்து எழுதினார், இருந்தும் அவர் பார்த்த வேலைக்காகவே அவை எழுதப்பட்டன என்று சொல்லி முதலாளிக்கே சொந்தம் என்றது நீதிமன்றம். உங்கள் நிலை அவரைவிட நல்லது: கப்பல் பட்டியலுக்கும் காப்பீட்டுக்கும் சம்பந்தமில்லை, மாமியாருக்காகத்தான் ஆரம்பித்தீர்கள். ஆனால் ஆபீஸில் போட்ட நாளிலிருந்து அந்த எல்லைக்கோடு மங்கத் தொடங்கிவிட்டது.

கம்பெனிக்கும் இதில் ஆபத்து இருக்கிறது. ஜிபிஎல் கோடை உள்ளுக்குள் பயன்படுத்தினால் பிரச்சினையில்லை. உங்கள் கம்பெனியோ மென்பொருளை வெளியே விற்கிறது. அந்தப் பகுதி விற்கும் பொருளோடு சேர்ந்து வாடிக்கையாளரிடம் போயிருந்தால், ஜிபிஎல் நிபந்தனைகளும் கூடவே போகும், மூலக் கோடைத் தரும் கடமை உட்பட. அதில் பாதி அந்தத் தம்பி எழுதியது, ஆகவே நீங்கள் மட்டும் விலக்கு கொடுத்துவிடவும் முடியாது. கோபத்தில் இருப்பவருக்கு உண்மையான வழக்கு எங்கே இருக்கிறது என்று இப்போது புரிந்திருக்கும். மேனேஜரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள், வேறொருவர் சொல்லித் தெரிவதற்கு முன். அந்தப் பகுதி வெளியே போயிருக்கிறதா என்று கேளுங்கள். வேலை ஒப்பந்தத்தில் கண்டுபிடிப்புகள், அறிவுசார் சொத்து பற்றிய பிரிவைப் படியுங்கள். இந்தத் திட்டம் என்னுடைய சொந்த வேலை, கம்பெனி அதில் உரிமை கோராது என்று ஒரு கடிதம் எழுத்தில் வாங்க முடியுமா பாருங்கள். ஒப்பந்தத்தின் அந்தப் பிரிவை மட்டும் எனக்கு அனுப்பினால் தனியாகப் பதில் எழுதுகிறேன்.

சாவியை யாரிடம் கொடுப்பது

மூன்று மாதத்துக்கு முன் வந்தவர் நல்ல மனிதராகவே இருக்கலாம். அவரைச் சந்தேகப்படச் சொல்லவில்லை. ஆனால் களைத்துப்போன நேரத்தில் சாவியை யாரிடமும் கொடுக்காதீர்கள். எக்ஸ்இசட் என்ற சுருக்கும் மென்பொருளில் நடந்தது நினைவிருக்கும். தனியாகப் பராமரித்துக் களைத்திருந்த ஒருவரை, “ஏன் இவ்வளவு தாமதம், வேறு ஆளைச் சேருங்கள்” என்று யாரென்றே தெரியாத சில கணக்குகள் நச்சரித்தன; பொறுமையாகப் பல மாதம் நல்ல வேலை செய்துகாட்டிய ஒருவர் பராமரிப்பாளரானார். 2024 மார்ச்சில் அதற்குள் ஒரு பின்கதவு வைத்திருப்பது வெளியே வந்தது, அதுவும் தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் லாகின் அரை நொடி தாமதமாகிறதே என்று ஒரு எஞ்சினியர் கவனித்ததால்.

உரிமையைப் படிப்படியாகக் கொடுக்க வழி இருக்கிறது. திட்டத்தை உங்கள் தனிக் கணக்கிலிருந்து ஒரு ஆர்கனைசேஷன் கணக்குக்கு மாற்றுங்கள். அங்கே இஷ்யூக்களுக்கு லேபிள் போட, மூட, திறக்க மட்டும் அனுமதிக்கும் உரிமை ஒன்று உண்டு. கோடைத் தொட முடியாது. அவருக்கு அதைக் கொடுத்து, “அந்த 412-ஐ என்னோடு சேர்ந்து பிரியுங்கள்” என்று கேளுங்கள். சலிப்பான அந்த வேலையை மூன்று மாதம் செய்கிறவருக்கு அடுத்த படியைத் தாராளமாகக் கொடுக்கலாம். கோடில் கைவைக்கும் உரிமை முதலில் யாருக்கு என்று என்னைக் கேட்டால், பீட்டர்மாரிட்ஸ்பர்க் தம்பிக்கு. சண்டை போடும் அளவுக்கு அவருக்கு இதன்மேல் பாசம் இருக்கிறது, முகமும் தெரிந்தவர்.

இன்று ராத்திரி அத்தையின் எண்ணை வரலாற்றிலிருந்து நீக்குங்கள். நாளை மேனேஜர். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை லேபிள் ஒட்ட உட்காரும்போது ஒன்றாம் எண்ணிலிருந்து ஆரம்பியுங்கள். உங்கள் மாமியாரின் பாட்டனார் முனிசாமியும் “குடும்பத் தேடல்” பக்கம்தான் போக வேண்டியவர். மற்றவர்களுடைய பாட்டனார்களுக்கு முன்னால் அவரை அங்கே அனுப்பிவைத்து, தகப்பன் பெயரும் காலனி எண்ணும் மாமியாருக்கு நினைவிருக்கிறதா என்று அவரிடமே கேட்டு அடியில் எழுதுங்கள். பட்டியல் படிக்கத் தெரிந்த யாராவது ஒருவர் அங்கே வந்து பார்ப்பார்.